கத்தரிச் செடியில் ஓடிய அந்தக் கறுப்புப் புழு

உங்கள் கத்தரிச் செடியின் நுனியில் பச்சையாய் அப்பிக் கிடக்கும் பூச்சி, இலைக்காம்போரம் வெள்ளை மாவு தூவினது போல ஒன்று, அப்புறம் இலைக்கு இலை ஓடுகிற கறுப்பான முள்முள்ளாய் ஒரு புழு. மூன்றுக்கும் சேர்த்து வாரம் இரண்டு தடவை வேப்பெண்ணெய் அடித்தீர்கள், கறுப்புப் புழு மட்டும் காணாமல் போனது, மற்ற இரண்டும் முன்னைவிடப் பெருகிவிட்டன. எது நல்ல பூச்சி, எது கெட்ட பூச்சி, ரசாயனம் இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் கேட்பது போலத் தெரிந்தாலும் உள்ளே இருக்கிற கேள்வி வேறு: விடாமல் மருந்தடித்தும் ஏன் கூடியது? அதற்கான விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். காணாமல் போன அந்தக் கறுப்புப் புழுதான், பெரும்பாலும், நுனியில் இருந்த பச்சைப் பூச்சியைத் தின்றுகொண்டிருந்தது.

நான் பூச்சியியல் படித்தவன். இருபது வருஷத்துக்கு மேலாக இலையைத் திருப்பிப் பார்ப்பதே பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். படம் இல்லாமல் வர்ணனையை மட்டும் வைத்துச் சொல்வதால் எங்கே உறுதி, எங்கே ஊகம் என்பதையும் பிரித்துவிடுகிறேன்.

பச்சைப் பூச்சி அசுவினி. செடிப்பேன் என்றும் சொல்வார்கள். வெள்ளை மாவு மாவுப்பூச்சி. இவை இரண்டிலும் எனக்குச் சந்தேகமில்லை. கறுப்புப் புழு பொறிவண்டின் இளம்புழு என்று நினைக்கிறேன். அரை அங்குலத்துக்கும் குறைவு, குட்டி முதலையைப் போல வால் பக்கம் ஒடுங்கியிருக்கும், முன்பக்கம் ஆறு கால், முதுகின் ஓரத்தில் ஆரஞ்சு அல்லது மஞ்சள் திட்டுகள், நடையில் ஒரு வேகம். இதெல்லாம் பொருந்தினால் அது உங்கள் ஆள்தான். சிவப்பு ஓடும் கறுப்புப் புள்ளியுமாய் இருக்கிற பெரிய வண்டைப் பார்த்தால் குழந்தைகூட அடையாளம் சொல்லும். அதன் பிள்ளையைப் பார்த்தால் பெரியவர்களே செருப்பைத் தேடுகிறார்கள். இத்தனைக்கும் அசுவினியைத் தின்பதில் அந்தப் பிள்ளை தாய்க்குக் குறைந்ததில்லை. வளர்ந்து வண்டாகும் முன் நூற்றுக்கணக்கில் காலி செய்துவிடும். இலையின் அடியில் மஞ்சளாய், நெல்மணியைவிடச் சின்னதாய், பத்து இருபது முட்டைகள் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்திருந்தால் அவையும் அநேகமாக இதன் முட்டைகள்தான். இரண்டு மூன்று வாரத்தில் இந்தப் புழு இலையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கூட்டுப்புழுவாகும். அதனால் உங்கள் புழு செத்திருக்க வேண்டும் என்றில்லை, கூட்டுப்புழுவாகி எங்காவது ஒட்டிக்கொண்டும் இருக்கலாம். இலை மேல் ஆரஞ்சு நிறத்தில் சின்ன மொட்டு மாதிரி ஏதாவது இருந்தால் சுரண்டி எறியாதீர்கள்.

ஆனால் கத்தரிச் செடி என்கிறீர்களே, அங்கேதான் ஒரு சிக்கல். பொறிவண்டுக் குடும்பத்திலேயே இலை தின்கிற கிளை ஒன்று உண்டு. எபிலாக்னா என்று பெயர், கத்தரி என்றால் உயிரை விடும். இதுவும் உருண்டை, இதற்கும் புள்ளி. எப்படிப் பிரிப்பது? நல்ல பொறிவண்டின் முதுகு மெழுகு தேய்த்தாற்போலப் பளபளக்கும். எபிலாக்னாவின் முதுகில் மெல்லிய பூமயிர் இருப்பதால் மங்கலாக, செம்புத் துரு நிறத்தில் தெரியும். புள்ளிகளும் அதிகம், ஒரு இனத்தில் 28 வரை. புழுவைப் பார்த்தால் இன்னும் சுலபம்: எபிலாக்னாவின் புழு கறுப்பல்ல, மஞ்சள். உடம்பு முழுக்கக் கிளை விட்ட முட்கள், நடை மந்தம். அது சுரண்டித் தின்ற இலையில் பச்சை போய் நரம்பும் மெல்லிய சவ்வும் சல்லடை போல மிஞ்சும். அது இருந்தால் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள், பாவமே வேண்டாம்.

மாவுப்பூச்சியிலும் இதே வேஷம் ஒன்று நடக்கிறது. மாவுப்பூச்சியையே தின்று வாழும் ஒரு பொறிவண்டு இருக்கிறது, பெயர் கிரிப்டோலேமஸ். அதன் இளம்புழு மேலெல்லாம் வெள்ளை மெழுகு இழைகளை வளர்த்துக்கொண்டு, பார்க்க அச்சு அசலாகப் பெரிய மாவுப்பூச்சி போலவே இருக்கும். படிக்க வந்த முதல் வருஷம் ஒரு செம்பருத்திச் செடியில் 'பெரிய பெரிய மாவுப்பூச்சியாக' இரண்டு நாள் தேடித்தேடி நசுக்கினேன். மூன்றாம் நாள் ஆசிரியர் ஒன்றை எடுத்து லென்சின் அடியில் வைத்து, "கால் எவ்வளவு வேகமாகப் போகுது பாரு" என்றார். மாவுப்பூச்சி இருந்த இடத்திலேயே சாறு உறிஞ்சும், தொட்டால் சோம்பலாக நகரும். கிரிப்டோலேமஸ் புழுவைக் குச்சியால் தொட்டால் சட்டென்று நடையைக் கட்டும், மெழுகு இழைகளும் நீளமாகக் கலைந்து தொங்கும். அந்தச் செடியில் எனக்காக வேலை பார்த்தவர்களை எல்லாம் நானே கொன்று முடித்திருந்தேன்.

இன்னும் சிலரையும் தெரிந்துகொள்ளுங்கள். இலையில் முடி போன்ற காம்பு நட்டு அதன் நுனியில் ஒரு வெள்ளை முட்டை ஆடிக்கொண்டிருந்தால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சியினுடையது; அதன் புழு கொடுக்கு போன்ற தாடையால் அசுவினியைத் தூக்கிப் பிடித்துச் சாறை உறிஞ்சும். பூவின் மேல் அந்தரத்தில் அசையாமல் நிற்கிற, தேனீ மாதிரி கோடு போட்ட ஈயின் பிள்ளை, அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே காலே இல்லாமல் நெளிகிற பச்சைப் புழு. இதையும் காய்ப்புழு என்று நசுக்கிவிடுவோம். அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த காட்சி ஒன்று. அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் ஊதிப்போய், பழுப்புத் தங்க நிறத்தில், காகிதம் போல இறுகி உட்கார்ந்திருக்கும். லென்ஸ் வைத்தால் சிலவற்றின் பின்பக்கம் ஊசியால் வெட்டியது போல வட்டமாக ஒரு ஓட்டை தெரியும். எறும்பைவிடச் சின்ன ஒட்டுண்ணிக் குளவி ஒன்று அசுவினிக்குள் முட்டையிட்டு, பிள்ளை உள்ளேயே தின்று வளர்ந்து, கதவு வெட்டி வெளியே போன வீடு அது. ஒரு நுனியில் இப்படிப் பத்தில் இரண்டு மூன்று தெரிந்தால் நான் மருந்து டப்பாவைத் தொடமாட்டேன், அந்தக் கூட்டம் அநேகமாக அடங்கிவிடும். அதே போல, பெரிய புழு ஒன்றின் முதுகில் வெள்ளை அரிசி ஒட்டியது போலக் கூடுகள் இருந்தால் அந்தப் புழுவை விட்டுவிடுங்கள். அது இனிமேல் செடியைப் பெரிதாகத் தின்னப் போவதில்லை, அதிலிருந்து வெளிவரும் குளவிகள் அடுத்த புழுவைத் தேடும்.

கும்பிடு பூச்சியும் சிலந்தியும் நல்லவர்கள் வரிசையில்தான் வருவார்கள். ஆனால் அவர்களுக்குக் கட்சி கிடையாது. தேனீ வந்தாலும் பிடித்துத் தின்பார்கள். நான் விட்டுவிடுவேன். எலுமிச்சைக் கன்றில் பறவை எச்சம் போல உட்கார்ந்திருக்கிற புழு பட்டாம்பூச்சியாகப் போவது. சின்னக் கன்றென்றால் அது மொட்டையடித்துவிடும், பெரிய மரமென்றால் நாலு இலை தின்றுவிட்டுப் போகட்டும். அது உங்கள் மனசைப் பொறுத்தது.

உருவத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது தடுமாறும் என்பதால், நான் முதலில் பார்ப்பது சேதத்தை. இலையில் ஓரம் கிழிந்து ஓட்டை, கூடவே கறுப்புக் குறுணையாக எச்சம் இருந்தால் புழு. அது பகலில் ஒளிந்துகொண்டு இருட்டில் வரும், டார்ச் எடுத்துக்கொண்டு எட்டு மணிக்குப் போனால் பிடிபடும். ரோஜா இலையில் கத்தரிக்கோலால் வெட்டியது போலச் சுத்தமான அரைவட்டம் என்றால் அது இலைவெட்டித் தேனீ, கூடு கட்ட எடுத்துக்கொண்டு போயிருக்கிறது, நோய் இல்லை. கத்தரியில் மற்றதெல்லாம் நன்றாக இருக்க ஒரு கொழுந்து மட்டும் வாடித் தொங்கினால் தண்ணீர்க் குறையல்ல, தண்டுக்குள் துளைப்பான் இருக்கிறது. மிளகாய் இலை மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டால் இலைப்பேன் என்றும், கவிழ்த்த படகு போலக் கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம். இது நல்ல வழிகாட்டிதான், ஆனால் இரண்டும் சேர்ந்தே இருக்கிற செடியில் கைவிட்டுவிடும். அப்போது வெள்ளைக் காகிதத்தைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுகிற தூசியில் எது நடக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். மெலிந்து நீண்டு ஓடினால் இலைப்பேன், புள்ளி போல ஊர்ந்தால் சிலந்திப்பேன். மிளகாய்க் கொழுந்தைச் சுருட்டுகிற ஒரு வகை மட்டும் வெறும் கண்ணுக்கே அகப்படாது. சிலந்திப்பேன் பூச்சியே அல்ல, எட்டுக்கால் இனம். அதனால்தான் பூச்சிக்கென்று அடிக்கிற பல மருந்துகள் அதை அசைப்பதில்லை.

சரி, உங்கள் செடிக்கு வருவோம். ஏன் பெருகியது? அசுவினிக்கு ஆண் துணையே தேவையில்லை. வெப்பமான நாளில் பிறந்த குஞ்சு ஒரு வாரம் பத்து நாளில் தானே குஞ்சு போட ஆரம்பிக்கும், அதுவும் முட்டையாக அல்ல, நேராக நடக்கிற குஞ்சாக. பொறிவண்டுக்கோ முட்டையிலிருந்து வண்டாக மூன்று நான்கு வாரம் ஆகிறது. இரண்டையும் ஒரே மருந்தால் பாதிப் பாதி அழித்தால் யார் முதலில் திரும்பி எழுவார்கள்? மிஞ்சிய பொறிவண்டுகளும் இரை குறைந்ததும் பறந்துவிடும். வேப்பெண்ணெய் பொதுவாக நன்மைப் பூச்சிகளுக்கு மென்மையான மருந்துதான், அதை மறுக்கவில்லை. ஆனால் எண்ணெயும் சோப்பும் கலந்து மெல்லிய தோலுள்ள புழுவின் மேல் நேரடியாக, அதுவும் வாரம் இரண்டு தடவை விழுந்தால் அது தாங்காது.

இந்தக் கதை புதிதல்ல. 1888இல் கலிபோர்னியாவின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களைப் பஞ்சு போன்ற ஒரு செதில்பூச்சி அழித்துக்கொண்டிருந்தபோது, ஆல்பர்ட் கோபெலே என்ற பூச்சியியலாளரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். அவர் அங்கிருந்து அனுப்பிய ரொடோலியா என்ற பொறிவண்டு சில நூறு மட்டுமே. இரண்டு வருஷத்துக்குள் செதில்பூச்சி அடங்கிவிட்டது. அதன்பின் ஐம்பது வருஷத்துக்கும் மேல் அமைதி. 1940களின் பிற்பகுதியில் அதே தோட்டங்களில் வேறு பூச்சிகளுக்காக டிடிடி என்ற ரசாயனப் பூச்சிக்கொல்லியை அடித்தார்கள். பொறிவண்டு செத்தது, செதில்பூச்சி திரும்பி வந்தது. உங்கள் தொட்டியில் நடந்தது இதன் கையடக்கப் பதிப்பு.

அடுத்து, எறும்பு இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் எழுதவில்லை, ஆனால் நிச்சயம் இருக்கும் என்றே நினைக்கிறேன். அசுவினியும் மாவுப்பூச்சியும் உறிஞ்சிய சாற்றில் மிஞ்சிய சர்க்கரையை இனிப்பு நீராகக் கழிக்கும். இலை பிசுபிசுப்பது அதனால்தான், அதன்மேல் கரி பூசினது போலப் படர்வது கரும்பூசணம். அந்த இனிப்புக்காக எறும்பு காவல் நிற்கும், பொறிவண்டுப் புழு வந்தால் கடித்துத் துரத்தும், மாவுப்பூச்சிக் குஞ்சை அடுத்த செடிக்குத் தூக்கிக்கொண்டும் போகும். எறும்பு ஏறுவதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. தொட்டியைத் தண்ணீர் நிறைந்த தட்டில் செங்கல் வைத்து அதன்மேல் நிறுத்தலாம், சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடுகிற கிளையை வெட்டலாம். தடிமனான தண்டென்றால் துணி சுற்றி அதன்மேல் பிசின் தடவலாம், பட்டையில் நேரடியாகக் கிரீஸ் தடவ வேண்டாம்.

பூச்சியைக் குறைக்க என் வரிசை இதுதான். முதலில் கையும் தண்ணீரும். அசுவினி அப்பிய நுனியை விரலுக்கிடையில் பிடித்துக்கொண்டு அடியிலிருந்து மேலே தண்ணீரைப் பீய்ச்சுங்கள். விழுந்ததில் பெரும்பாலானவை திரும்ப ஏறி வரா, உறிஞ்சும் ஊசிவாய் ஒடிந்திருக்கும் அல்லது பசியிலேயே முடிந்துவிடும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை, காலையில், மூன்று தடவை செய்தாலே வித்தியாசம் தெரியும். மாவுப்பூச்சி மோசமாக அடைந்த கிளையை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். மிஞ்சியதைப் பழைய பல்துலக்கியில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுக்கலாம்.

அதற்கும் அடங்காவிட்டால் மட்டும் வேம்பு, ஆனால் முறையாக. லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அதைக் கரைக்கிற அளவுக்கு 1 அல்லது 2 மில்லி மென்மையான திரவச் சோப்பு. எண்ணெயில் சோப்பை முதலில் கலந்து பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். பால் போல வெளுக்க வேண்டும். மேலே எண்ணெய் மிதந்தால் அது இலையைக் கருக்கும். வேப்பங்கொட்டை கிடைத்தால் பருப்பை 50 கிராம் இடித்துத் துணியில் கட்டி ஒரு லிட்டர் தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைத்துப் பிழிந்து, வடிகட்டி, கொஞ்சம் சோப்புச் சேர்த்து அன்றைக்கே அடித்துவிடலாம். என் கைக்கு இதுதான் எண்ணெயைவிட நம்பிக்கை. எதுவானாலும் சாயங்காலம், இலையின் அடிப்பக்கம், பூவைத் தவிர்த்து, ஏழிலிருந்து பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை. முதலில் ஒரே ஒரு கிளையில் அடித்துவிட்டு மறுநாள் பாருங்கள். வாடிக் கிடக்கும் செடிக்கு முதலில் தண்ணீர், மருந்தெல்லாம் பிறகு. வேம்பு அடித்ததும் பூச்சி கொட்டவில்லையே என்று மறுபடி அடிப்பதுதான் நிறையப் பேர் செய்கிற தப்பு. அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியின் பசியைக் கெடுத்து, தோலுரிக்க விடாமல் செய்கிற பொருள். பலன் தெரிய நாலைந்து நாள் ஆகும், வெயிலில் சீக்கிரம் சிதைந்தும் விடும். சோப்புத் தண்ணீர் நேர் எதிர்: ஈரமாகப் பூச்சி மேல் பட்டால்தான் கொல்லும், காய்ந்துவிட்டால் ஒன்றுமில்லை. துணி துவைக்கிற பவுடர் மட்டும் வேண்டாம், இலை பொசுங்கிவிடும்.

கொழுந்து வாடின தண்டுக்கு வேம்பு, சோப்பு எதையும் வீணாக்காதீர்கள், உள்ளே இருக்கிற புழுவை அவை எட்டா. வாடின இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டிப் பிளந்து பார்த்து அழித்துவிடுங்கள், ஓட்டை விழுந்த காயையும் செடியிலோ தரையிலோ விடாதீர்கள். இலை தின்கிற புழுக்களுக்கு பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து உண்மையிலேயே வேலை செய்யும். புழு சின்னதாக இருக்கும்போது அடிக்க வேண்டும், அது இலையோடு தின்றால்தான் பலிக்கும். புழுக்களுக்கென்று விற்கிற வகை அசுவினியையும் மாவுப்பூச்சியையும் ஒன்றும் செய்யாது, பொறிவண்டையும் செய்யாது.

இனி சந்தேகத்துக்குரியவை. இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசல் சில சமயம் விரட்டுகிறது, சில சமயம் ஒன்றுமே நடப்பதில்லை. அரைக்கும் கைக்கும் அரைக்கும் பதத்துக்கும் வீரியம் மாறுவதால் நான் யாருக்கும் உறுதி கொடுப்பதில்லை. அடித்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், அது மட்டும் உறுதி. செண்டுமல்லி நட்டால் பூச்சி வராது என்பார்கள். அதன் வேர் மண்ணில் உள்ள நூற்புழுவைக் குறைப்பது நிரூபணமான விஷயம், அதுவும் நெருக்கமாக நட்டுச் சில மாதம் வளர்த்தால்தான். ஓரத்தில் இரண்டு செடி வைத்தால் மேலே பறக்கிற பூச்சி பயந்து ஓடும் என்பதற்கு அவ்வளவு வலுவான ஆதாரமில்லை. மஞ்சள் ஒட்டும் அட்டை வெள்ளை ஈ வந்துவிட்டதா என்று சொல்லும் மணி. ஆனால் கூட்டத்தைத் தீர்க்காது, ஒட்டுண்ணிக் குளவியையும் சேர்த்தே பிடிக்கும், ஒன்றிரண்டு போதும். புகையிலைக் கஷாயத்தை மட்டும் தயவுசெய்து தவிருங்கள். செடியிலிருந்து வந்தது என்பதால் நிகோடின் சாதுவாகிவிடாது. தோல் வழியாகவே மனிதருக்குள் ஏறும், தேனீயைக் கொல்லும், தக்காளி, மிளகாய்க்கு வைரஸ் நோயையும் அதுவே கொண்டுவரலாம்.

நல்லவர்கள் தங்க வேண்டுமென்றால் அவர்களுக்கும் சாப்பாடு வேண்டும். வளர்ந்த குளவிக்கும் ஈக்கும் தேன்தான் ஆகாரம், வாய் சிறிது என்பதால் சின்னப் பூவாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று கொத்தமல்லியை வெட்டாமல் பூக்க விடுங்கள், சோம்பு, கடுகும் அப்படியே. கூடவே தழைச்சத்து உரத்தைக் குறையுங்கள். கொழுகொழுவென்று வளர்ந்த இளந்தளிர் அசுவினிக்கு விருந்து.

பொறிவண்டு வாங்கி விடலாமா என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். திறந்த வெளியில் பெரிய வண்டை வாங்கி விட்டால் பெரும்பாலும் பறந்துபோய்விடும், காசுக்குக் கேடு. இளம்புழுவாகக் கிடைத்தால் இறக்கை இல்லாததால் நிற்கும். ஆனால் அதற்கு முன், மருந்தை முழுசாக இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, எறும்பைத் தடுத்து, தண்ணீர் மட்டும் பீய்ச்சிப் பாருங்கள். தண்ணீர் அடிக்கும் முன் இலையைத் திருப்பி, கறுப்புப் புழுவோ மஞ்சள் முட்டையோ இருந்தால் அந்தக் கிளையை மட்டும் விட்டுவிடுங்கள். வெண்டை இலை நரம்பு மஞ்சளித்தோ, தக்காளி கொழுந்து சிறுத்துச் சுருண்டோ இருந்தால் அது வெள்ளை ஈ பரப்பிய வைரஸாக இருக்கலாம். அதற்கு இயற்கையிலும் மருந்தில்லை, ரசாயனத்திலும் மருந்தில்லை. பிடுங்கி எடுப்பதுதான் வழி. உங்கள் கத்தரியில் அப்படி எதுவும் நீங்கள் எழுதவில்லை. இரண்டு வாரம் கழித்து இலையின் அடிப்பக்கத்தைக் கிட்டத்தில் படமெடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.